குழாய்க்குள் இருந்த பாகவதர்

மைக் செட் வாடகைக்கு விடுகிறவனை எந்தக் கல்யாணத்திலும் விருந்தாளியாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் கல்யாணம் சோபிக்கவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குகிறவன் அவன்தான். பந்தல்கால் நடும்போதே போய்விட வேண்டும். கடைசிப் பந்தியில் இலை மிஞ்சினால் சாப்பிட வேண்டும். சத்தம் போதவில்லை என்று பெண் வீட்டாரும், காது கிழிகிறது என்று மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். இந்தத் தொழில் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் ஒலிபெருக்கிக் குழாயை உங்கள் ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் நாமெல்லாம் ஒரே குழாயால் அவதிப்பட்டவர்கள், மனம்விட்டுப் பேசலாம்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கடிதத்தில் திருச்சி ஜில்லா என்று எழுதினோமே தவிர, வாயில் சமஸ்தானம்தான் வந்தது. கீழ ராஜ வீதியில் எனக்கு ஒரு சின்னக் கடை. இரண்டு குழாய், ஒரு ஆம்ப்ளிபையர், சாவி கொடுத்துச் சுற்றவிடும் ரிக்கார்டுப் பெட்டி, கார் பாட்டரி. கிராமங்களில் கரண்டு ஏது? பாட்டரிக்குப் பொறுப்பு என் கூட்டாளி காதர். தூக்குகிற வேலையில் பாதி அவருக்கு, திட்டு வாங்குகிற வேலை முழுதும் எனக்கு.

எத்தனையோ ரிக்கார்டு போட்டிருக்கிறேன். இன்றைக்கும் மனதில் உறுத்திக்கொண்டிருப்பது ஒரே ஒரு பாட்டு.

ஒரு பக்கத்துப் பாட்டு

பபூன் சோலையைத் தெரியாத கிராமம் எங்கள் பக்கத்தில் கிடையாது. திருவிழா நாடகத்தில் ராஜா வருவதற்கு முன்னால் பபூன் வந்து சனத்தைச் சிரிக்க வைக்க வேண்டும். அவர் உடனே வெளியே வந்துவிட மாட்டார். முதல் வரியைத் திரைக்குப் பின்னால் இருந்தே பாடுவார். குரல் கேட்டதுமே சனம் சிரிக்க ஆரம்பித்துவிடும். சிரிப்பு உச்சத்துக்குப் போகும்போது திரையில் கால் தடுக்கி, உருண்டு வந்து விழுவார். சோலை விழுந்த மாதிரி வேறு யாரும் விழுந்ததில்லை.

அந்தச் சோலை ஒருநாள் வெள்ளை ஜிப்பாவும் நெற்றி நிறைய விபூதியுமாக என் கடைக்கு வந்தார். முகத்தில் அரிதாரம் இல்லாததால் அவர்தான் என்று எனக்கே சட்டென்று பிடிபடவில்லை. கையில் துணி சுற்றிய ஒரு ரிக்கார்டு. சிரிப்புப் பாட்டுக்கு ஆள் தேடிய ரிக்கார்டுக் கம்பெனிக்காரர்கள் அவரை மெட்ராஸுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் போய், சிரிப்புப் பாட்டு மாட்டேன், நானே கட்டின பாட்டைத்தான் பாடுவேன் என்று அடம்பிடித்திருக்கிறார். கடைசியில் ஒரு பக்கம் அவர் பாட்டு, மறுபக்கம் யாரோ ஒருவருடைய நாதஸ்வரம் என்று முடித்துக் கொடுத்துவிட்டார்கள். 'நேத்து வந்தவன் நானில்லே, இன்னைக்கு நின்னு பாடுறேன் கேளுங்களேன்' என்று ஆரம்பிக்கும். வேஷம் கலைத்த ஒருவன், இனிமேல் புது மனிதனாக வாழப்போகிறேன் என்று உருகிப் பாடுகிற பாட்டு. கேட்டேன். சத்தியமாக நன்றாக இருந்தது.

எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். மகள் மீனாளுக்குப் பொன்னமராவதியில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை இருக்கிறாராம். கல்யாணத் தரகர் சொல்லிவிட்டாராம்: பபூன் மகள் என்று சொல்லிக்கொண்டு அந்தப் படியேற முடியாது, ரிக்கார்டு கொடுத்த பாகவதர் மகள் என்றால் பேசிப் பார்க்கலாம் என்று. அதற்காகச் சோலை நாடகத்தை விட்டுவிட்டார். பங்குனித் திருவிழா நாடகங்களுக்கு அழைத்து வந்த வெற்றிலை பாக்கை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார். அவருக்காக நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். போகிற ஊரெல்லாம் அந்தப் பாட்டைப் போட வேண்டும். ரிக்கார்டின் நடுவில் ஒட்டியிருந்த தாளில் 'சோலைமலை பாகவதர்' என்று இருந்ததைக் காட்டிக் கேட்டார்: "தட்டுலேயே அச்சடிச்சுட்டாங்கண்ணே. இனிமே யாராலயும் மாத்த முடியாதுல்ல?"

பாயோடு வந்தவர்கள்

அன்னவாசல் தாண்டி ஒரு ஊரில் காதுகுத்து. புளியமரத்தில் குழாயைக் கட்டி, பொழுது சாயும் நேரத்தில் ஆரம்பித்தேன். முதலில் பிள்ளையார் பாட்டு, அடுத்து முருகன் பாட்டு, மூன்றாவதாகச் சோலை. 'நேத்து வந்தவன் நானில்லே' என்று குழாய் சொன்னதுதான் தாமதம், வயலில் நின்றவர்கள் வரைக்கும் சிரித்துவிட்டார்கள். சரி, பழகின குரல், இரண்டாவது வரிக்கு அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அடங்கவில்லை. ஊரே கிளம்பி வந்தது. ஆளுக்கொரு பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்து புளியமரத்தடியில் இடம் பிடித்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. முகம் தெரியாமல் சோலையின் குரல் மட்டும் வந்தால், சற்று நேரத்தில் சோலை உருண்டு வருவார் என்பதுதான் அவர்கள் கண்ட வழக்கம். திரைக்குப் பதில் புளியமரம், அவ்வளவுதான். நாடகம் எதுவும் இல்லை, இது ரிக்கார்டு என்று நான் மைக்கில் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். முன் வரிசையில் பாய் விரித்திருந்த ஒரு பெரியவருக்குக் கடைசியில் கோபமே வந்துவிட்டது. "குரல விட்டு எம்புட்டு நேரமாச்சு? ஆளை எங்கிட்டு ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

செட்டியார் வீட்டு மௌனம்

பட்டிக்காட்டில் அப்படித்தான் இருக்கும், சங்கீதம் தெரிந்த இடத்தில் போட்டுப் பாருங்கள் என்றார் சோலை. திருமயம் பக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணம் வந்தது. முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் நடந்தால் கால் வலிக்கிற வீடு. சினிமாப் பாட்டே கூடாது, கச்சேரி ரிக்கார்டு மட்டும்தான் என்று ஆச்சி முதலிலேயே சொல்லிவிட்டார். நான் இரண்டு கீர்த்தனைகளுக்கு நடுவே, யார் எவர் என்று சொல்லாமல், சோலையை நுழைத்துவிட்டேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சாய்வு நாற்காலியில் இருந்த செட்டியார் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். ஆச்சி வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். எனக்கு ஓடிப்போய்ச் சோலையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் போல இருந்தது. பாட்டு முக்கால்வாசி முடிந்தபோது பின்கட்டில் சமையல் செய்துகொண்டிருந்த தவசிப்பிள்ளை கரண்டியோடு வெளியே வந்தார். குழாயை நிமிர்ந்து பார்த்தார். "அட, நம்ம பபூன் சோலை!" என்று கத்தினார். பந்தி பரிமாறுகிறவர்கள் சிரித்தார்கள், வண்டிக்காரர்கள் சிரித்தார்கள், கல்யாணத்துக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். செட்டியார் தொடையில் இருந்த கையை எடுத்துவிட்டார். பாட்டு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, கோபமில்லாமல்தான் சொன்னார்: "நல்லாத்தான் இருந்துச்சுப்பா, யாருன்னு தெரியிற வரைக்கும்."

காபி கிளப்பில்

இதற்குள் ரிக்கார்டுக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. எந்தப் பெயர் வர வேண்டுமோ அந்தப் பெயர் இல்லை. என் கடைக்கு எதிரே ஒரு காபி கிளப். அதன் முதலாளியும் ஒரு பிரதி வாங்கிவைத்திருந்தார். ஒரு நாள் சோலை அங்கே ஓரமாக உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தார். ஜிப்பாவும் விபூதியுமாக இருந்த அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர் கல்லாவைப் பார்த்துக் கேட்டது எனக்கு வீதி வரைக்கும் கேட்டது. சோலை டம்ளரைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் கேட்டது இதுதான்: "முதலாளி, அந்தப் பபூன் அழுவுற தட்டைப் போடுங்க. வயிறு வலிக்கச் சிரிச்சு நாளாச்சு."

மணமேல்குடிப் பக்கம்

சோலையைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் தெருவில் வந்தால் நான் பாட்டரியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொள்வேன். காதருக்குத்தான் யோசனை வந்தது. மணமேல்குடிக்குப் பக்கத்தில் கடற்கரையோரம் அவருடைய சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ். அது அப்போது தஞ்சாவூர் ஜில்லா. நம் நாடகக்காரர்கள் அந்தப் பக்கம் போனதில்லை. சோலையின் பெயரோ குரலோ அங்கே ஒருவருக்கும் தெரியாது. அவரையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனோம், குழாய் மேலே, நாங்கள் கீழே.

பிரியாணித் தேக்சா இறக்குகிற நேரத்தில் பாட்டைப் போட்டேன். அந்த ஊரில் பாதிப் பேர் ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்து, யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தும் கப்பலேறியும் வந்தவர்கள். நேத்து வந்தவன் நானில்லே என்று ஒருவன் பாடினால் அவர்களுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. பந்தலில் பேச்சு நின்றுவிட்டது. பாட்டு முடிந்ததும் ஒரு வயதான ராவுத்தர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தரம் போடுங்க தம்பி என்றார். ஊசியை மாற்றிவிட்டு மறுபடியும் போட்டேன். இது யார் பாடினது என்று கேட்டார்கள்.

சோலை எழுந்து நின்றார். நான்தான் என்கிற மாதிரி கையைத் தூக்கினார். ராவுத்தர் அவரைக் கையைப் பிடித்துக்கொண்டு போய் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். சந்தனம் பூசி, ரோஜா மாலையும் போட்டார்கள். பாகவதர் ஐயா, பாகவதர் ஐயா என்று ஆளுக்கு ஆள் கூப்பிட்டு உபசரித்தார்கள். நானும் காதரும் தூரத்தில் பாட்டரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் என் சொந்தக் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை. திரும்பும்போது பஸ்ஸில் சோலை மாலையை மடியில் வைத்து, உதிர்ந்த இதழ்களைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, ஒருத்தர்கூடச் சிரிக்கலண்ணே."

பொன்னமராவதியில் பந்தல்

மணமேல்குடியில் பாகவதருக்கு மாலை போட்டார்கள் என்ற சேதியைக் காதரே தரகரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். கல்யாணம் முடிவாகிவிட்டது. பத்திரிகையில் 'சோலைமலை பாகவதர் குமாரத்தி' என்று அடித்திருந்தது. பொன்னமராவதியில் மாப்பிள்ளை வீட்டிலேயே கல்யாணம். மைக் செட் என் செலவு என்று சொல்லிவிட்டேன்.

தாலி கட்டி முடிந்து, பந்திக்கு முன்னால் சோலை என்னிடம் வந்து, இப்பப் போடுங்கண்ணே என்றார். வேண்டாம் என்றேன். கல்யாணம்தான் நல்லபடியாக முடிந்துவிட்டதே, அதோடு விடுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டார் தம் பாட்டை ஒருமுறை மரியாதையாகக் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மணமேல்குடிக்காரர்கள் கேட்ட மாதிரி இவர்களும் கேட்பார்கள் என்று நம்பிவிட்டார். போட்டேன்.

முதல் வரிக்கே பந்தல் குலுங்கியது. பொன்னமராவதி சோலை விழாத ஊரா என்ன? மாப்பிள்ளையின் மாமன்மார், சித்தப்பன்மார், வெற்றிலைத் தட்டு வைத்திருந்த பெண்கள் எல்லோரும் பந்தல் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். குரல் வந்தால் ஆள் வருவார் என்று காத்திருக்கிற அதே பார்வைதான். வாசலில் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு, கும்பிட்ட கையோடு சோலை நின்றிருந்தார். சம்பந்தி அவரையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவருக்கும் ஒன்றும் புரியாமல் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய ஆரம்பித்தது. சிரிப்பு நின்றால் அடுத்தது என்ன வரும் என்று மேடை ஏறிப் பழகினவருக்குத் தெரியாதா? கிசுகிசுப்பு வரும், பபூன் மகளா என்று வரும், ஏன் மறைத்தாய் என்று வரும். மணவறையில் மீனாள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

சோலை வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தில் காலைத் தடுக்கிக்கொண்டார். பட்டு ஜிப்பாவோடு உருண்டு வந்து சம்பந்தியின் காலடியில் விழுந்து, ஒன்றும் தெரியாதவர் போல எழுந்து உட்கார்ந்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் எந்த நாடகத்திலும் கேட்டதில்லை. எனக்குப் பாட்டை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. குழாயில் சோலை உருகி உருகிப் பாடிக்கொண்டே இருந்தார், கீழே சோலை ஜிப்பாவை உதறி உதறிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். சம்பந்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, அவரைத் தூக்கி நிறுத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தரகர் மட்டும் அப்போது என் கையில் கிடைத்திருந்தால் இந்தக் கதையை ஜெயிலில் இருந்துதான் எழுதியிருப்பேன். ஏனென்றால் சம்பந்தி சொன்னது இது: "நம்ம பபூனாரா நீங்க! இத முதல்லயே சொல்லியிருந்தா சந்தோஷமாப் பொண்ணு எடுத்திருப்பமே. பாகவதருன்னு சொல்லி எங்களப் பயமுறுத்திப்புட்டீங்களே!"

ஊசிச் சத்தம்

பந்தி முடிந்து, நானும் காதரும் குழாயை அவிழ்த்துக்கொண்டிருந்தோம். மீனாள் கல்யாணப் புடவையோடு தனியாக வந்தாள். பந்தலே சிரித்தபோது அவள் ஒருத்திதான் சிரிக்காமல் இருந்தாள். மாமா, அந்தப் பாட்டை ஒருக்காப் போடுங்க, குழாயில வேண்டாம் என்றாள். ரிக்கார்டுப் பெட்டியை ஆம்ப்ளிபையரோடு சேர்க்காமல் சும்மா சுற்றவிட்டாலும், ஊசியிலிருந்தே மெல்லிசாகப் பாட்டு வரும். பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும். சாவி கொடுத்துவிட்டு நான் நகர்ந்துகொண்டேன். அவள் மண்டிபோட்டு, பூ வைத்த தலையைச் சாய்த்து, முழுதும் கேட்டாள். எழுந்தபோது யாரிடமோ வழக்காடுகிற மாதிரி என்னிடம் சொன்னாள்: "அப்பா நல்லாத்தானே பாடியிருக்காரு, மாமா?"

பாகவதர் வருவதில்லை

அடுத்த பங்குனிக்குச் சோலை நாடகத்துக்குத் திரும்பிவிட்டார். இப்போது திரைக்குப் பின்னாலிருந்து அவர் பாடுகிற முதல் வரி 'நேத்து வந்தவன் நானில்லே'தான். சனம் அதைத்தான் கேட்டது. அவர் அடித்த கூத்திலேயே பெரிய கூத்து அதுதான் என்று ஊர் ஊராகப் பேச்சு. வேறு பாட்டோடு வந்தால் விட மாட்டார்கள், கத்தித் தீர்த்துவிடுவார்கள். வாத்தியார் மாப்பிள்ளையே பள்ளிக்கூடத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, அதோ என் மாமனார் என்று பெருமையாகக் காட்டினாராம். குறை சொல்ல யாருக்கும் ஒன்றுமில்லை. எனக்குத்தான் அவர் அந்த வரியைப் பாடும்போது மைக்கின் பக்கம் பார்க்க முடியாமல் போய்விடும்.

ஒரு திருவிழாவில், சாயங்காலம் மேடையில் மைக் கட்டிக்கொண்டிருந்தேன். சோலை ஓரமாக உட்கார்ந்து முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். அந்த ரிக்கார்டை என்ன செய்யட்டும், திருப்பித் தந்துவிடவா என்று கேட்டேன். கண்ணாடியைப் பார்த்தபடியே மூக்கில் சிவப்பு வைத்துக்கொண்டார். வைத்து முடித்துவிட்டுச் சொன்னார்: "நீங்களே வச்சிருங்கண்ணே. மணமேல்குடிப் பக்கம் போனா மட்டும் போடுங்க. யாராச்சும் கேட்டா, பாகவதர் இப்ப எங்கயும் வர்றதில்லன்னு சொல்லிருங்க."

ஊருக்கே கேட்கிற மாதிரி ஒருவன் குரலைப் பெரிதாக்கிக் கொடுக்க என்னிடம் சாமான் இருந்தது, ஊர் அதை வேறு மாதிரிக் கேட்பதற்கான சாமானைத்தான் கடைசி வரைக்கும் எந்தக் கடையிலும் விற்கவில்லை.